பெயர் தாங்கிய கற்கள்

மாந்தர் வாழ்வு சில்லாண்டு அளவினது. அவர்தம் விழைவோ பல்லாண்டு அளவினது. உடல் மறையினும் பெயர் நிலைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எந்நாட்டவர் உள்ளத்திலும் உண்டு. ஆயினும், அவ்வெண்ணத்தையே சமயக் கொள்கையாகக் கொண்டு, அதன்பொருட்டு மலையைக் குடைந்தும் பாறையைப் பிளந்தும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் பண்டை எகிப்தியர் ஆவர். உடலும் உயிரும் போலவே பெயரும் ஒருவனுடைய கூறுகளுள் ஒன்று என்பது அவர்கள் நம்பிக்கை. பெயர் ஒலிக்கும் வரையில் அவன் வாழ்கின்றான். பெயர் அழியுமாயின் மறுமையையும் இழக்கின்றான் என்று அவர்கள் கருதினர். அக்கருத்தின் பயனாக எழுந்த கோயில்களும் கல்லறைகளும் ஓரிடத்தில் செறிந்து கிடப்பதைக் காண விரும்புவோர், எகிப்து நாட்டின் தென்பகுதியில் உள்ள லக்சர் என்னும் ஊருக்குச் செல்கின்றனர்.

லக்சர் நைல் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். பண்டு எகிப்தியர் அதனை வாசெத் என வழங்கினர். கிரேக்கர் தீப்ஸ் என்றனர். கிறித்து பிறப்பதற்கு முன் பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினொன்றாம் நூற்றாண்டு வரை பேரரசு செலுத்திய மன்னர்கள் தங்கள் கோயில்களையும் கல்லறைகளையும் இங்கே எடுத்தனர். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் இவ்விடத்தை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பல நாட்கள் தங்கிக் காணவேண்டிய இவ்விடத்தை, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஒரே பகலில் கண்டு மீள்வோரே மிகுதி. அத்தகைய ஒருநாட் பயணத்தில் காணப்படுவன எவை, அவை உணர்த்துவன எவை என்பதை ஈண்டுக் காண்போம்.

வைகறைப் புறப்பாடு

லக்சரில் கோடை வெயில் மிகக் கொடியது. நண்பகலில் வெப்பம் 40 பாகையைக் கடப்பது இயல்பு. ஆதலின், பயணக் குழுவினர் கதிரவன் எழுமுன்பே விடுதியை விட்டுப் புறப்படுகின்றனர். தலைக்குத் தொப்பியும் கையில் நீர்க் குப்பியும் இன்றி எவரும் செல்லலாகாது என்பது வழிகாட்டியின் முதல் அறிவுரை. வழிகாட்டி அரசினரின் உரிமம் பெற்றவர். பண்டை எகிப்தின் வரலாற்றை முறையாகப் பயின்றவர்.

குழுவினர் மோட்டார்ப் படகில் ஏறி மேற்குக் கரைக்குச் செல்கின்றனர். ஆற்றின் நடுவே செல்லுங்கால் வழிகாட்டி இரு கரைகளையும் சுட்டிக் காட்டுகின்றார். கிழக்கே ஞாயிறு எழுகின்றது; அது வாழ்வோர்க்கு உரிய கரை. கார்னாக், லக்சர் ஆகிய பெருங்கோயில்கள் அங்கே உள்ளன. மேற்கே ஞாயிறு மறைகின்றது. அது மாண்டோர்க்கு உரிய கரை. கல்லறைகளும், மாண்ட மன்னர்க்கு வழிபாடு நிகழ்த்திய கோயில்களும் அங்கே உள்ளன. கரையை ஒட்டிக் கரும்புத் தோட்டமும் பசும்பயிரும் தோன்றும். சிறிது தொலைவு சென்றதும் பசுமை கோடு கிழித்தாற்போல் முடிந்துவிடும்; அதற்கப்பால் மணலும் மொட்டைப் பாறையுமே காட்சி தரும். மழை அரிதாகப் பெய்யும் அந்நாட்டில், ஆற்று நீர் எட்டும் எல்லையே உயிர்களின் எல்லையாகும்.

அரசர் பள்ளத்தாக்கு

கூர்ங்கோபுரம் போலத் தானாகவே அமைந்த மலைமுடி ஒன்றின் அடியில் அரசர் பள்ளத்தாக்கு இருக்கின்றது. முன்னைய மன்னர்கள் பிரமிடுகளைக் கட்டி அவற்றுள் துயின்றனர். ஆயின், வானளாவிய பிரமிடு கள்வரைத் தன்பால் அழைக்கும் அடையாளமாகவும் ஆயிற்று. எனவே, பிற்கால மன்னர்கள் ஒதுக்கிடமாகிய இப்பள்ளத்தாக்கில், சுண்ணாம்புப் பாறையை உட்புறமாகக் குடைந்து மறைவான கல்லறைகளை அமைத்தனர். இதுகாறும் 60-க்கும் மேற்பட்ட குடைவுகள் இங்கே கண்டறியப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே காலத்தில் திறந்திருப்பதில்லை. பொதுச் சீட்டுப் பெற்றோர் திறந்திருப்பவற்றுள் மூன்றினைக் காணலாம். சிறப்புடைய சிலவற்றிற்குத் தனிச்சீட்டு வேண்டும்.

வழிகாட்டி குழுவினருடன் கல்லறைக்குள் சென்று விளக்கம் கூறுவதில்லை. வெளியே நிழலில் நின்று படங்களைக் காட்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கிவிட்டு, அவர்களை உள்ளே அனுப்புகின்றார். இதற்குக் காரணம் உண்டு. உள்ளே நின்று நெடுநேரம் பேசினால் இடுக்கமான வழியில் கூட்டம் தேங்கும். பலர் மூச்சின் ஈரம் சுவர்களில் படியும். அவ்வீரம் வண்ணப் பூச்சினைத் தளரச் செய்யும். மூவாயிரம் ஆண்டு வறண்ட இருளில் அழியாதிருந்த ஓவியம், ஒரு நூற்றாண்டுக் காலக் காண்போரின் மூச்சுக்கு அஞ்சவேண்டியதாயிற்று.

உள்ளே நீண்ட சரிவான வழி மலையின் நெஞ்சை நோக்கி இறங்குகின்றது. இருபுறச் சுவர்களிலும் ஞாயிற்றுக் கடவுள் இரவின் பன்னிரண்டு மணி நேரத்திலும் கீழுலகைக் கடந்து செல்லும் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. செம்மண் நிறமும், மஞ்சளும், நீலமும் நேற்றுத் தீட்டியன போல ஒளிர்கின்றன. சித்திரங்களின் இடையே நீள்வட்ட வளையங்கள் பலவிடத்தும் காணப்படும். மன்னன் பெயர் எழுதப்படும் வளையம் அது. கயிற்றால் முடிந்த காப்புப் போன்ற அவ்வளையம் பெயரைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இச்சுவர்கள் எங்ஙனம் உருவாயின என்பதை ஹோரெம்ஹெப் என்னும் மன்னனுடைய கல்லறை காட்டுகின்றது. அங்கு வேலை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஒரு சுவரில் செந்நிறக் கோடுகளால் முதல் வரைவு உள்ளது. அதன்மேல் கருநிறக் கோடுகளால் பிழை திருத்தப்பட்டுள்ளது. அடுத்த பகுதியில் சிற்பி அக்கோட்டின் வழியே செதுக்கத் தொடங்கியிருக்கின்றான். மாணவனின் ஏட்டில் ஆசிரியர் திருத்திய எழுத்தைக் காண்பது போன்றது அக்காட்சி.

துட்டன்காமன்

இப்பள்ளத்தாக்கில் யாவரும் பெயர் கேட்டு வினவுவது துட்டன்காமனின் கல்லறையை. இவன் சிறுவனாய் அரியணை ஏறிப் பத்தொன்பது அகவை அளவில் மறைந்தவன். பின்வந்த மன்னர்கள் இவன் பெயரை அரசர் வரிசையினின்றே நீக்கிவிட்டனர். அபிடோஸ் என்னும் ஊர்க் கோயிற் சுவரில் செதுக்கப்பட்ட முன்னோர் பட்டியலில் இவன் பெயரைக் காணவியலாது. உலகம் இவனை மறந்தது. பிற்காலக் கள்வரும் மறந்தனர் என்பதே வியப்பு. ஆறாம் இராம்சேஸின் கல்லறையைக் குடைந்த தொழிலாளர், இவன் கல்லறை வாயில் இருப்பதை அறியாமல் அதன்மேல் தம் குடிசைகளை எழுப்பிக் கொண்டனர். அக்குடிசைகளின் அடியில் வாயில் மறைந்து கிடந்தது.

1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், ஹோவார்டு கார்ட்டர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளரின்கீழ் வேலை செய்த எகிப்தியத் தொழிலாளர், அக்குடிசைகள் இருந்த இடத்தின் கீழே பாறையில் வெட்டிய படி ஒன்றைக் கண்டனர். அப்படிகளின் முடிவில் இருந்த அறைகளில் 5000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றைப் பழுதின்றி வெளிக்கொணர ஏறத்தாழப் பத்தாண்டு ஆயிற்று. அப்பொருள்கள் இன்று, 2025-ஆம் ஆண்டு நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட கீசாப் பேரருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. மன்னனின் உடல் மட்டும் தன் கல்லறையிலேயே கண்ணாடிப் பேழையுள் கிடக்கின்றது. பட்டியலில் இடம்பெற்ற மன்னர் பலரின் பெயரை இன்று கற்றோரே அறிவர். நீக்கப்பட்ட இவன் பெயரையோ சிறாரும் அறிவர்.

இலக்கணம் காத்த பெயர்

பள்ளத்தாக்கின் மறுபுறத்தில், செங்குத்தான மலைப்பாறையின் அடியில் மூன்று அடுக்காக உயர்ந்து நிற்பது ஹட்செப்சுட் என்னும் அரசியின் கோயில். இவ்வரசி கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஏறத்தாழ இருபது ஆண்டு முடிசூடி ஆண்டவள். போரினும் வாணிகத்தையே பெருமையாகக் கருதியவள் போலும்! பூண்டு என்னும் தொலைநாட்டிற்கு இவள் அனுப்பிய கலங்கள், நறுமணப் பிசின் தரும் மரங்களை வேரோடும் மண்ணோடும் கூடைகளில் ஏற்றி வந்த காட்சி இக்கோயிற் சுவரில் செதுக்கப்பட்டுள்ளது.

இவள் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், அடுத்து ஆண்ட மூன்றாம் துட்மோஸின் காலத்தில் இவள் உருவமும் பெயரும் பலவிடங்களில் உளியால் கொத்தி நீக்கப்பட்டன. வேறு மன்னர் பெயர்கள் அவ்விடத்தில் பொறிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டு இங்கு வந்த ஷாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு புதுமையைக் கண்டு திகைத்தார். சிற்பத்தில் நிற்பவன் தாடி அணிந்த அரசன். அருகிலுள்ள எழுத்திலோ அவனைக் குறிக்கும் சொற்கள் பெண்பால் ஈறு பெற்றிருந்தன. பெயரை நீக்கிய உளி, சொற்களின் ஈற்றை முற்றும் நீக்க மறந்துவிட்டது. அவ்வீற்றினைப் பற்றிக்கொண்டு பின்வந்த அறிஞர்கள் ஆராய்ந்து, மறைக்கப்பட்ட அரசியின் பெயரை மீட்டனர். இலக்கணம் ஓர் அரசியின் பெயரைக் காத்த வரலாறு மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்கோயிலுக்கு அணித்தே உள்ள பாறைக் குடைவு ஒன்றினுள் 1881-ஆம் ஆண்டில் அரசர் பலரின் உடல்கள் ஒருங்கே கண்டெடுக்கப்பட்டன. கல்லறைகளில் களவு மிகுந்த காலத்தில் பூசகர்கள் அவ்வுடல்களை அங்குக் கொணர்ந்து மறைத்து வைத்தனர். பெரும்புகழ் பெற்ற இரண்டாம் இராம்சேஸின் உடலும் அவற்றுள் ஒன்று. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த அம்மன்னனின் உடலைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, மூக்கின் உள்ளே மிளகு வைக்கப்பட்டிருத்தல் அறியப்பட்டது. மிளகின் தாயகம் தென்னிந்திய மேற்கு மலைத் தொடரன்றோ? அது எத்தனை கைகள் மாறி நைல் கரையை அடைந்ததோ, எவரும் எழுதி வைத்திலர்.

பிற்காலத்தில் அவ்வாணிகம் பெருகியது. செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோகிராம் மிளகு கிடைத்தது. அக்கரையிலேயே உள்ள குசெய்ர் என்னும் துறையில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவ்விருவரும் மன்னர் அல்லர். தம் கலத்தைப் பிறர் கலத்தினின்று பிரித்தறியும் பொருட்டுப் பெயர் எழுதியவர். அத்துறையில் இறங்கிய பொருள்கள் பாலைவனம் கடந்து, லக்சருக்கு வடக்கே நைல் கரையிலுள்ள கோப்டோஸ் நகரை அடைந்தன.

தொழிலாளர் ஊர்

விரைந்து மீள்வோர் பலர் காணாது செல்லும் ஓரிடம் உண்டு. அது தெய்ர் எல்-மெதினா என்னும் சிற்றூர். அரசர் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர், நானூறு ஆண்டுக்கு மேலாகத் தம் மனைவி மக்களுடன் வாழ்ந்த ஊர் இது. சுற்றுமதிலின் உள்ளே ஏறத்தாழ 70 வீடுகளின் அடிச்சுவர்கள் வரிசையாக இன்றும் காணப்படுகின்றன. நல்ல வழிகாட்டி எனப்படுபவர் தம் குழுவினரை இங்குக் கட்டாயம் அழைத்து வருவார்.

இவ்வூருக்கு நீர் இல்லை. கழுதைகளின்மேல் நாள்தோறும் ஏற்றி வந்தனர். நீர் வேண்டித் தோண்டியது எனக் கருதப்படும் ஆழமான பெருங்குழி ஒன்று ஊர்ப்புறத்தில் உள்ளது. அதில் நீர் கிடைத்திலது. பின்னர் அது குப்பைக் குழியாயிற்று. 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அதனை அகழ்ந்தபோது, எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கற்சில்லுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. தாள் அரிய பொருளாதலின், அன்றாடக் குறிப்புகளை இத்தகைய சில்லுகளிலேயே எழுதினர். கூலிக் கணக்கு, கடன், வழக்கு, விளக்குத் திரியின் எண்ணிக்கை, கடிதம், மாணவர் எழுதிப் பழகிய பாடம் ஆகிய யாவும் அவற்றுள் அடங்கும்.

இவ்வூரைச் சார்ந்த கற்பலகை ஒன்று இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. இரண்டாம் இராம்சேஸ் ஆண்ட நாற்பதாம் ஆண்டின் வருகைப் பதிவு அது. நாற்பது தொழிலாளர் பெயரும், அவர்கள் வேலைக்கு வாராத நாளும், வாராமைக்குக் காரணமும் அதில் எழுதப்பட்டுள்ளன. செபா என்பவனைத் தேள் கொட்டியது. பெண்டுவா என்பவன் நண்பனுடன் மது அருந்தச் சென்றான். ஒருவனுக்குக் கண்நோய், மற்றொருவன் தன் தாயின் உடலைப் பதம் செய்யச் சென்றான். மூவாயிரத்து இருநூறு ஆண்டு கழிந்தபின் இவற்றைப் படிப்போர் புன்முறுவல் கொள்வர். தாயின் ஈமக்கடனுக்குச் சென்றவன் பெயரைப் படிக்குங்கால் சிறிது அமைதி அடைவர்.

இத்தொழிலாளர்க்குக் கூலி கோதுமையும் வாற்கோதுமையுமாகத் தரப்பட்டது. மூன்றாம் இராம்சேஸ் ஆண்ட இருபத்தொன்பதாம் ஆண்டில், அஃதாவது ஏறத்தாழக் கி.மு. 1157-இல், அக்கூலி உரிய நாளில் வரவில்லை. நாட்கள் பல சென்றன. தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு மதிலைக் கடந்து சென்று, மன்னர் கோயில்களின் அருகே அமர்ந்தனர். பசியும் நீர்வேட்கையுமே தங்களை அங்குக் கொணர்ந்தன என்றும், ஆடையும் எண்ணெயும் மீனும் காயும் தங்களுக்கு இல்லை என்றும், இதனை மன்னனுக்கு எழுதுமாறும் அலுவலரிடம் முறையிட்டனர். பின்னர்க் கூலி தரப்பட்டது, மீண்டும் தவறியது, மீண்டும் அவர்கள் வெளியேறினர். அமென்னக்த் என்னும் எழுத்தன் இவற்றை நாள்தோறும் குறித்து வைத்தான். அவ்வேடு இத்தாலி நாட்டுத் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. உலகில் எழுத்தில் பதிவாகியுள்ள வேலை நிறுத்தங்களுள் இதுவே முதலாவது என்பர்.

ஊரின் அருகே தொழிலாளர் தமக்கெனக் குடைந்த கல்லறைகளும் உள. அவற்றுள் சென்னெஜெம் என்பவனுடையது சிறியது; ஆயின் மிக அழகியது. அதன் சுவரில் அவனும் அவன் மனைவியும் மறுமை உலகில் நிலத்தை உழுகின்றனர். விளைந்த கதிரை அரிகின்றனர். பிறர்க்கு மாளிகை அமைத்த கைகள், தமக்கு வேண்டியதாகத் தீட்டியது ஒரு வயலும் நீரோடையும் பழமரமுமே.

ஆழ வெட்டிய பெயர்

அங்கிருந்து சிறிது தொலைவில் மெதினெத் ஹபு என்னும் கோயில் உள்ளது. கூலி பெறாது தொழிலாளர் வெளியேறிய காலத்து மன்னனாகிய மூன்றாம் இராம்சேஸ் எடுத்த கோயில் அது. அவன் தன் பெயரைக் கைவிரல்கள் முழுதும் புகும் ஆழத்திற்கு வெட்டுவித்தான். முன்னோர் பெயர்களைப் பின்னோர் சுரண்டித் தம் பெயரைப் பொறித்தலை அவன் அறிந்திருந்தான். தன் பெயருக்கு அந்நிலை வரலாகாது என அஞ்சினான் போலும்! அவன் எண்ணியவாறே அப்பெயர் இன்றும் அழியாதுள்ளது. ஆயினும், பசித்த தொழிலாளர் நடந்த செய்தியும் அழியாதுள்ளது. ஒன்று பெருங்கல்லில் ஆழ வெட்டப்பட்டது; மற்றொன்று மெல்லிய ஏட்டில் மையால் எழுதப்பட்டது. காலம் இரண்டனையும் காத்து, அருகருகே வைத்துக் காட்டுகின்றது.

மீளும் வழியில், வயல்களின் ஓரத்தில் மெம்னோன் சிலைகள் எனப்படும் இரு பேருருவங்கள் வீற்றிருக்கின்றன. மூன்றாம் ஆமென்ஹோட்டெப் என்னும் மன்னனின் உருவங்கள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ளது. அவற்றின் பின்னே இருந்த பெருங்கோயில் நிலநடுக்கத்தாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. கி.மு. 27-ஆம் ஆண்டளவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஒரு சிலையின் மேற்பகுதி உடைந்தது. அதன்பின் வைகறையில் அக்கல்லினின்று இசை போன்ற ஒலி எழுந்தது. இரவின் ஈரம் இளவெயிலில் உலருங்கால் வெடிப்புகளின் வழியே அவ்வொலி தோன்றியது என அறிஞர் கருதுவர். அதனைக் கேட்கக் கிரேக்கரும் உரோமானியரும் திரண்டு வந்தனர்; கி.பி. 130-இல் உரோமப் பேரரசர் ஹேட்ரியனும் வந்தார். வந்தோர் தாம் ஒலி கேட்டதைச் சிலையின் கால்களில் எழுதிச் சென்றனர். பின்னாளில் உடைந்த பகுதி கற்களை அடுக்கிச் செப்பனிடப்பட்டது, ஒலியும் நின்றுவிட்டது.

வளையம் திறந்த வாயில்

நண்பகலில் குழுவினர் சிறிது இளைப்பாறுகின்றனர். வழியில் வெண்பளிங்குக் கலங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வண்டி நிற்பதும் வழக்கம். கடைக்காரரின் இன்சொல்லில் மயங்கினோர் பணத்தையும், மயங்காதோர் நேரத்தையும் அங்கு இழப்பர். பின்னர்க் கிழக்குக் கரையிலுள்ள கார்னாக் கோயிலை அடைகின்றனர்.

ஒரு மன்னன் கட்டி முடித்த கோயில் அன்று இது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பல மன்னர் தொடர்ந்து கட்டியது. இதன் தூண் மண்டபத்தில் 134 கற்றூண்கள் காடு போல நிற்கின்றன. நடுவிலுள்ள பன்னிரண்டும் 21 மீட்டர் உயரமுள்ளன. நண்பகலிலும் அவற்றின் இடையே நிழல் கவிந்திருக்கும். ஹட்செப்சுட் நிறுத்திய ஒற்றைக்கல் தூபி ஒன்று அப்பால் தெரிகின்றது. ஏறத்தாழ 30 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அக்கல், தெற்கே அசுவானில் வெட்டப்பட்டு ஆற்றின் வழியே கொணரப்பட்டது. அரசியின் பெயரை மறைக்கக் கருதி அதனைச் சுற்றி எழுப்பிய சுவரே, அதன் கீழ்ப்பகுதியை வெயிலும் காற்றும் தாக்காது காத்தது என்பது சுவையான செய்தி.

இத்துணைப் பெருங்கற்களை எங்ஙனம் மேலேற்றினர் என்னும் வினாவிற்கு விடையும் இக்கோயிலிலேயே உள்ளது. முதல் வாயிற் கோபுரத்தின் உட்புறத்தில் பச்சைச் செங்கல்லாலும் மண்ணாலும் ஆகிய சாய்தளம் ஒன்று எஞ்சி நிற்கின்றது. சுவர் உயரஉயரச் சாய்தளத்தையும் உயர்த்தி, கற்களை அதன்மேல் இழுத்துச் சென்றனர். வேலை முடிந்ததும் மண்ணை நீக்குவர். இக்கோபுரம் முற்றுப்பெறாமல் நின்றமையால் சாய்தளமும் நீக்கப்படாமல் தங்கிவிட்டது.

தூண்களில் எங்கும் பெயர் வளையங்கள் நிறைந்துள்ளன. அவற்றைப் படிக்கும் அறிவு நெடுங்காலம் உலகில் இல்லாதிருந்தது. கி.பி. 394-ஆம் ஆண்டில் பிலே தீவின் கோயிலில் பொறிக்கப்பட்டதே, நாளறியப்பட்ட இறுதி எகிப்தியச் சித்திர எழுத்தாகும். அதன்பின் ஏறத்தாழ 1400 ஆண்டு அவ்வெழுத்துகள் ஊமையாயின. 1799-இல் ரொசெட்டா என்னும் இடத்தில், ஒரே செய்தி எகிப்திய எழுத்து வகை இரண்டிலும் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்ட கல் கிடைத்தது. வளையத்தினுள் இருப்பது மன்னன் பெயராதல் வேண்டும் என அறிஞர் உய்த்துணர்ந்தனர். டாலமி, கிளியோபாட்ரா என்னும் பெயர்களை ஒப்பிட்டுச் சில ஒலிகளை அறிந்தார் ஷாம்போலியன். 1822-இல் வேறொரு வளையத்தில் ஞாயிற்றின் வடிவையும், அதன்பின் வேறு குறியொன்றையும், ஈற்றில் சகர ஒலிக்குரிய குறி இரட்டித்து நிற்பதையும் கண்டார். எகிப்தின் பழமொழி வழிவந்த காப்டிக் மொழியில் ஞாயிற்றுக்கு ரா என்பது பெயர். அப்பெயர் இராம்சேஸ் எனப் புலனாயிற்று. அவ்வகையில், தம் பெயரைக் காக்க எகிப்தியர் இட்ட வளையமே அவர்தம் மொழி முழுவதற்கும் திறவுகோலாயிற்று.

மாலையில் லக்சர் கோயில்

ஞாயிறு சாயும் வேளையில் குழுவினர் லக்சர் கோயிலை அடைகின்றனர். கார்னாக்கையும் இதனையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய பெருவழி, பல்லாண்டு அகழப்பட்டு 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் இருமருங்கும் சிங்க உடலுடைய கற்சிலைகள் வரிசையாக அமர்ந்துள்ளன. கோயில் வாயிலில் இன்று ஒரு தூபியே நிற்கின்றது. அதன் இணை 1836 முதல் பாரிஸ் நகரின் நாற்சந்தியில் நிற்கின்றது. கோயிலின் உள்ளே அபு ஹக்காக் பள்ளிவாசல் இருக்கின்றது. அதன் பழைய வாயில் ஒன்று, தரையினின்று பல மீட்டர் உயரத்தில் படியின்றி நிற்கக் காணலாம். பள்ளிவாசல் எழுந்த காலத்தில் கோயில் அத்துணை உயரத்திற்கு மண்ணுள் புதைந்திருந்தது. மண்ணை அகழ்ந்தபின் வாயில் மேலே நின்றுவிட்டது.

இக்கோயிலில்தான் 2013-ஆம் ஆண்டு வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று வெளிப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பெற்றோருடன் வந்த பதினைந்து அகவைச் சிறுவன் ஒருவன், மூவாயிரம் ஆண்டுப் பழைமையான சிற்பத்தின்மேல் தான் வந்து சென்றதாகத் தன் பெயரைக் கீறிவிட்டான். படம் உலகெங்கும் பரவியது. பெற்றோர் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினர். அவன் தீயவன் அல்லன், எண்ணாது செய்தவன். ஆயினும், கீறிய கல் கீறியதே.

பண்டைக் கிரேக்கரும் உரோமானியரும் அரசர் பள்ளத்தாக்கில் மட்டும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் எழுதிச் சென்றிலரோ, அவற்றை இன்று அறிஞர் ஆராய்கின்றிலரோ எனச் சிலர் வினவக்கூடும். பண்டையோர் கீறியதால் மறைந்த கோடுகள் எவையென இன்று எவரும் கூறவியலாது. மேலும், அன்று வந்தவர் சிலர். இன்று ஆண்டுதோறும் வருவோர் பல நூறாயிரவர். ஒவ்வொருவரும் ஒரு கோடு கீறுவராயின், சில ஆண்டுகளில் கீறுவதற்குச் சுவர் எஞ்சாது.

கையின் தீங்கேயன்றி வேறு தீங்குகளும் இக்கற்களைச் சூழ்ந்துள்ளன. 1899-ஆம் ஆண்டு கார்னாக் மண்டபத்தில் பதினொரு தூண்கள் சாய்ந்தன. நெடிய உழைப்பால் மீண்டும் நிறுத்தப்பட்டன. 1970-இல் அசுவான் பேரணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆண்டு வெள்ளம் நின்றது. வேளாண்மைக்கு ஆண்டு முழுதும் நீர் கிடைத்தது. ஆயின், நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பினைக் கற்களுள் ஏற்றிப் பொடியச் செய்தது. அந்நீரை வடிக்க வடிகால்கள் பின்னர் அமைக்கப்பட்டன. துட்டன்காமன் கல்லறையில் ஈரத்தையும் தூசியையும் அகற்றும் காற்றோட்டக் கருவிகள் வைக்கப்பட்டன. அதனை அணுவளவும் ஒத்த படி ஒன்று 2014-இல் பள்ளத்தாக்கின் அருகே திறக்கப்பட்டது. தூரிகையும் பஞ்சும் கொண்டு சுவரைத் தூய்மை செய்வோர், பண்டைத் தொழிலாளரைப் போலவே, தம் பெயரை எங்கும் பொறியாமல் உழைக்கின்றனர்.

விளக்குகள் ஏற்றப்படுகின்றன, தூண்களின் மேல் பெயர் வளையங்கள் தெளிவாகத் தோன்றுகின்றன. காலையில் வெறுஞ் சித்திரமாகத் தோன்றிய ஒரு வளையத்தைக் குழுவிலுள்ள சிறுவன் ஒருவன் சுட்டி, இராம்சேஸ் என வாய்விட்டுப் படிக்கின்றான். வழிகாட்டி மகிழ்ந்து தலையசைக்கின்றார். எகிப்தியர் வேண்டியது அதுவே: பின்வருவோர் தம் பெயரைச் சொல்லுதல். மன்னன் பெயரோடு, தேள் கொட்டிய செபாவையும், அழகிய வயல் தீட்டிய சென்னெஜெமையும், பானையில் பெயர் எழுதிய கணனையும் சாதனையும் நினைவு கூர்வோரே இப்பயணத்தின் முழுப் பயனைப் பெற்றவராவர். அத்தகையோர் சுவரில் தம் பெயரை எழுத விரும்பார். முன்னரே எழுதப்பட்டவற்றைப் படிப்பதற்கே ஒரு பகல் போதாது என அறிந்து மீள்வர்.